குதிரை வலுவைக் கேட்காதீர்கள், உயரத்தைக் கேளுங்கள்



எமது கடைக்குத் தண்ணீர்ப் பம்பி வாங்க வருபவர்களில் அனேகமானோர் கேட்பது ஒரே கேள்விதான். "ஒரு குதிரை வலுப் பம்பி என்ன விலை?" கொஞ்சம் விபரம் தெரிந்தவர் என்றால், "இரண்டு குதிரை வலு எடுத்தால் நன்றாக ஏறுமா?" என்பார். உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது, தாங்கி எத்தனை அடி மேலே இருக்கிறது, குழாய் எத்தனை அங்குலம் என்று நாம் திருப்பிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். "பம்பி வாங்க வந்தால் பரீட்சை வைக்கிறீர்களே" என்று ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பரீட்சையை வைக்காமல் விற்றதால் நான் பட்ட வெட்கத்தை இந்த வாரம் எழுதுகிறேன். பம்பி விற்பவர்களுக்கும், கடைக்கோ வீட்டுக்கோ தொழிலுக்கோ பம்பி வாங்குபவர்களுக்கும் இது பயன்படும்.

1998 ஆம் ஆண்டு. வாப்பா கடைப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த புதிது. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். நானும் அவரிடம் படித்தவன்தான். அக்குறணையில் பெரும்பாலான வீடுகளைப் போல அவருடைய வீடும் மேட்டில். கிணறு கீழே வயலோரத்தில். ஓய்வுபெற்றபோது கிடைத்த காசில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"தம்பி, உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் கீழே இருந்து குடம் தூக்கித் தூக்கி இடுப்புப் போய்விட்டது. நல்ல பம்பி ஒன்று தாங்க" என்றார்.

நான் ஒரு குதிரை வலுப் பம்பி ஒன்றைக் காட்டினேன். அதன் தகட்டில் 'எச் மெக்ஸ் 40 மீற்றர், கியூ மெக்ஸ் 100 லீற்றர்' என்று இருந்தது. நான் அதை எப்படி வாசித்தேன் தெரியுமா? "சேர், இது நாற்பது மீற்றர் உயரத்துக்கு நிமிடத்துக்கு நூறு லீற்றர் ஏற்றும்" என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை, தெரியாமல் சொன்னேன். வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாஸ் வந்து பூட்டினார். குழாய் 120 மீற்றர் தேவைப்பட்டது. ஒரு அங்குலக் குழாய் விலை கூட என்று முக்கால் அங்குலம் போட்டார்கள். மழைக்காலம், கிணற்றில் தண்ணீர் மேலே நின்றது. தண்ணீர் ஏறியது. ஆனால் 1000 லீற்றர் தாங்கி நிறைய இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. சேர் வந்து சொன்னார். "கரண்ட் லைன் பலமில்லை சேர்" என்று நான் சமாளித்தேன். பாஸ் கிணற்றைக் குறை சொன்னார். மாசி, பங்குனி வெயில் வந்தது. ஒரு நாள் பம்பி ஓடியது, தாங்கிக்கு ஒரு சொட்டும் வரவில்லை. கீழே போய்ப் பார்த்தால் பம்பியின் தலை கொதிக்கிறது, சீல் கருகித் தண்ணீர் கசிகிறது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. சேர் மறுபடி வந்து முறையிடவில்லை. ஒரு கல்யாண அழைப்புக் கொடுக்க சுபஹுக்குப் பின் அந்தப் பக்கம் போனேன். படிக்கட்டில் சேருடைய மனைவி குடத்தை இடுப்பில் வைத்து ஏறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓரமாக நின்று வழிவிட்டார். பம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

தகட்டில் இருக்கும் இரண்டு இலக்கங்கள்

கடைக்கு வந்து, அவருக்கு இரண்டு குதிரை வலுப் பம்பி ஒன்றை மாற்றிக் கொடுப்போம் என்று எடுத்து வைத்தேன். அப்போது மூத்த ராத்தாவின் மகன் பேராதனையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்தவன் தகட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, இந்த ரெண்டு நம்பரும் ஒரே நேரத்தில வராது."

"அப்படியென்றால்?"

"நாற்பது மீற்றர் என்றது தண்ணி ஏறி நிற்கிற உயரம். அந்த உயரத்தில ஒரு சொட்டும் வெளியே வராது. நூறு லீற்றர் என்றது குழாயை நிலத்திலேயே திறந்துவிட்டால் வருகிற தண்ணி. ரெண்டுக்கும் நடுவிலதான் பம்பி வேலை செய்யும்."

பம்பியோடு வரும் சிறு புத்தகத்தில் வளைந்த கோடு ஒன்று வரைந்திருக்கும். நாங்கள் அதைச் சாமான் சுற்றப் பாவித்து வந்தோம். அந்தக் கோட்டின் ஒரு முனை உயரம் கூட, தண்ணீர் பூச்சியம். மறு முனை தண்ணீர் கூட, உயரம் பூச்சியத்துக்குக் கிட்ட. உங்கள் இடத்துக்குத் தேவையான உயரமும் தண்ணீரும் கோட்டின் நடுப்பகுதியில் விழ வேண்டும். அங்கேதான் பம்பி குறைந்த கரண்டில் கூடிய வேலை செய்யும். நீண்ட காலம் உழைக்கும்.

பிறகு நானும் மருமகனும் சேருடைய வீட்டுக்குப் போய் அளந்தோம். படிகளை எண்ணினோம்: 200. ஒரு படி ஆறரை அங்குலம். அப்படியென்றால் 1300 அங்குலம், அதாவது 33 மீற்றர். இது பம்பியிலிருந்து தாங்கி வரை. மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் பம்பியிலிருந்து 4 மீற்றர் கீழே. மொத்தம் 37. வெயில் காலத்தில் தண்ணீர் இன்னும் 3 மீற்றர் இறங்கியது. மொத்தம் 40. தகட்டில் இருந்ததும் அதே 40. கோட்டின் பூச்சிய முனையில் சேருடைய பம்பி நின்று சுற்றியது. வெளியேறாத தண்ணீர் உள்ளேயே கடையப்பட்டுக் கொதித்தது. சீல் கருகியது.

பம்பியில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் என்னிடம்.

குழாய் சாப்பிடும் உயரம்

உயரத்தோடு இன்னொரு கணக்கும் சேர வேண்டும். தண்ணீர் குழாயில் உராய்ந்துகொண்டு ஓடுவதால் வலு குறையும். அதையும் மீற்றரிலேயே கணக்கிடுவார்கள். நிமிடத்துக்கு 40 லீற்றர் தண்ணீரை 100 மீற்றர் நீளமான பீவீசீ குழாயில் அனுப்பினால், ஒரு அங்குலக் குழாய் சுமார் 4 மீற்றர் உயரத்தைச் சாப்பிடும். முக்கால் அங்குலக் குழாய் சுமார் 15 மீற்றரைச் சாப்பிடும். அரை அங்குலக் குழாயில் இது 50 மீற்றரைத் தாண்டும். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு சுமார் 30 மடங்காகும். குழாயில் மிச்சம் பிடித்த காசை மின்சாரக் கட்டணமாக மாதா மாதம் கட்ட வேண்டி வரும்.

சேருக்கு அந்தப் பம்பியைத் திருப்பி எடுத்து, இரண்டு இம்பெல்லர் உள்ள பம்பி ஒன்றைக் கொடுத்தோம். இம்பெல்லர் என்றால் உள்ளே சுழலும் இறக்கைச் சில்லு. முதல் சில்லு தள்ளும் தண்ணீரை இரண்டாவது வாங்கி இன்னும் தள்ளும், உயரம் கூடும். குழாயையும் ஒரு அங்குலமாக மாற்றினோம். வெயில் கால உயரம் 40, குழாய் இழப்பு சுமார் 4, வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் 1. மொத்தம் 45 மீற்றர். அந்த உயரத்தில் நிமிடத்துக்கு 35 லீற்றர் கொடுக்கும் பம்பி. தாங்கி அரை மணித்தியாலத்துக்குள் நிறைந்தது.

கவனியுங்கள். புதிய பம்பியும் ஒரு குதிரை வலுதான். இரண்டு குதிரை வலு தேவைப்படவே இல்லை. அன்றிலிருந்து நான் குதிரை வலுவைக் கடைசியாகத்தான் கேட்பேன்.

இது எப்படி வேலை செய்கிறது?

குடையை நனைத்துச் சுழற்றினால் துளிகள் வெளியே தெறிக்கும் அல்லவா? அதுதான் மையநீக்கப் பம்பி. சில்லு சுழலும்போது நடுவில் இருக்கும் தண்ணீர் ஓரத்துக்கு வீசப்படுகிறது. சுற்றியுள்ள நத்தை வடிவக் கூடு அந்த வேகத்தை அமுக்கமாக மாற்றிக் குழாயில் ஏற்றுகிறது. நடுவில் ஏற்படும் வெறுமையை நிரப்ப, வெளியே இருக்கும் வளி கிணற்றுத் தண்ணீரை அழுத்தி உள்ளே தள்ளுகிறது.

பிரான்சில் பிறந்த டெனிஸ் பபின் 1689 அளவில் நேரான இறக்கைகள் கொண்ட பம்பியைச் செய்தார். 1851 இல் லண்டன் மாபெரும் பொருட்காட்சியில் ஜோன் அப்போல்ட் வளைந்த இறக்கைகள் கொண்ட பம்பியைக் காட்டினார். நேர் இறக்கையை விட அது ஏறக்குறைய மூன்று மடங்கு திறனாக வேலை செய்தது. இன்று நாம் விற்கும் பம்பிகளிலும் இறக்கைகள் வளைந்தே இருக்கின்றன. எமது நாட்டில் 1905 இல் தொடங்கிய ஜினசேன நிறுவனத்தின் பம்பிகளை அறியாத விவசாயி இல்லை. இந்தியாவில் 1937 இல் முதல் மின்மோட்டரைச் செய்த கோயம்புத்தூர், பிறகு பம்பிக்கே பேர்போன நகரமாயிற்று. 2007 இல் கட்டுகஸ்தோட்டையில் திறக்கப்பட்ட நீர் சுத்திகரிப்பு நிலையம் மகாவலித் தண்ணீரைச் சுற்றியுள்ள மேடுகளுக்கு ஏற்றுவதும் இந்த வகைப் பம்பிகளால்தான். அளவு மட்டும்தான் வித்தியாசம்.

உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு

பம்பியை மேலே வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பார்த்துக்கொள்ள வசதி என்று பலர் கேட்பார்கள். முடியாது. தண்ணீரை உள்ளே தள்ளுவது வளியமுக்கம் என்று சொன்னேன். கடல் மட்டத்தில் வளியமுக்கம் தண்ணீரைத் தள்ளக்கூடிய ஆகக் கூடிய உயரம் சுமார் 10.3 மீற்றர். அது கணக்குக்கு. நடைமுறையில் ஏழு மீற்றருக்கு மேல் நம்ப வேண்டாம். எத்தனை குதிரை வலு போட்டாலும் இந்த எல்லை மாறாது. பம்பி மேலே தள்ளுவதற்கு எல்லை பம்பியைப் பொறுத்தது. கீழிருந்து எடுப்பதற்கு எல்லை வளியைப் பொறுத்தது.

மலை ஏற ஏற வளியமுக்கம் குறையும். கண்டிப் பகுதியில் சுமார் அரை மீற்றர் குறைவு. நுவரெலியாவில் சுமார் 2 மீற்றர் குறைவு. அங்கே கடை வைத்திருக்கும் எமது ஊர் சகோதரர்கள் ஐந்து மீற்றரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் ஆழமென்றால் தண்ணீருக்குள் இறக்கும் பம்பியோ, ஜெட் பம்பியோதான் வழி.

பம்பிக்குள்ளும் உறிஞ்சும் குழாயிலும் தண்ணீர் நிரப்பாமல் ஓட்டினால் தண்ணீர் வராததற்கும் காரணம் இருக்கிறது. சில்லு எந்தத் திரவத்தில் சுழல்கிறதோ அந்தத் திரவத்தைத்தான் அத்தனை மீற்றர் ஏற்றும். 30 மீற்றர் தண்ணீர் ஏற்றும் பம்பிக்குள் காற்று இருந்தால் அது 30 மீற்றர் காற்றைத்தான் தள்ளும். காற்றின் பாரம் மிகக் குறைவு. கிணற்றுக் குழாயில் தண்ணீர் சுமார் மூன்றரைச் சென்ரிமீற்றர்தான் ஏறும்! எனவே புட் வால்வு கசிந்தால், உறிஞ்சும் குழாயில் ஊசித் துளை இருந்தால், பம்பியைத் திட்டிப் பயனில்லை.

உறிஞ்சும் பக்கம் குழாய் கட்டையாக, நேராக, பம்பியின் வாயளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தண்ணீரைக் குறைக்க வேண்டுமென்றால் மேலே போகும் பக்கத்து வால்வைத்தான் மூட வேண்டும். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் மூடக் கூடாது. அங்கே அமுக்கம் மிகவும் குறைந்தால் தண்ணீர் சூடில்லாமலே கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் சில்லில் மோதி உடையும்போது உள்ளே சரளைக் கல் உருளுவது போலச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் சில்லு அரித்துப் போகும்.

கூடினாலும் ஆபத்து

உயரம் போதாமல் போனால் தண்ணீர் வராது. உயரம் மிதமிஞ்சினால் என்ன? "வேலை இலேசு, மோட்டருக்கு நல்லது" என்று தோன்றும். மறுபக்கம்தான் உண்மை.

அக்குறணை நகரம் பிங்கா ஓயா பெருகும்போது படும் பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை வெள்ளம் வடிந்த பிறகு, பக்கத்துக் கடைக்காரர் நிலக்கீழ்க் களஞ்சியத்தில் நின்ற தண்ணீரை இறைக்க வீட்டுப் பம்பியைக் கொண்டுவந்து பூட்டினார். 40 மீற்றர் உயரத்துக்கென்று செய்த பம்பி. இங்கே ஏற்ற வேண்டியது இரண்டு மீற்றர். தடை இல்லாததால் தண்ணீர் அளவுக்கு மீறி ஓடும். மையநீக்கப் பம்பியில் ஓடும் தண்ணீர் கூடக் கூட மோட்டரின் சுமையும் கூடும். சேற்றையும் சேர்த்து இழுத்தது. அஸருக்கு முன் மோட்டர் எரிந்துவிட்டது. அவர் மிளகு மூடைகளை எடுத்துக் காயவைப்பதற்கு முன் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அந்த நட்டத்தில் பத்துப் பம்பி வாங்கியிருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 30 அடி அறையில் 4 அடி தண்ணீர் என்றால் சுமார் 68,000 லீற்றர். நிமிடத்துக்கு 40 லீற்றர் இறைக்கும் வீட்டுப் பம்பிக்கு 28 மணித்தியாலம். நிமிடத்துக்கு 500 லீற்றர் இறைக்கும் இரண்டு அங்குல இயந்திரப் பம்பிக்கு இரண்டேகால் மணித்தியாலம். வெள்ளத்துக்கு உயரம் தேவையில்லை, அளவுதான் தேவை. சேறு அடைக்காத திறந்த இறக்கைச் சில்லும் தேவை. கடைத்தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து அப்படியொன்றை வாங்கி வைப்பது ஒவ்வொருவரும் தனித்தனியே நட்டப்படுவதை விட இலாபம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியில் கண்டி மாவட்டம் பட்ட அழிவைப் பார்த்த பிறகு இதைத் தள்ளிப் போட நியாயம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து மறக்க வேண்டாம். பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் இயந்திரப் பம்பியைக் கிணற்றுக்குள்ளோ நிலக்கீழ் அறைக்குள்ளோ இறக்கி ஓட்ட வேண்டாம். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. இறங்கியவரும் போவார், அவரைத் தூக்க இறங்கியவரும் போவார். இயந்திரம் வெளியே, குழாய் மட்டும் உள்ளே. கரண்ட் பம்பி என்றால் எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் தொட வேண்டாம். பம்பி ஓடும்போது அந்தத் தண்ணீரில் ஆள் நிற்கக் கூடாது. வெளியே வெள்ளம் வடியுமுன் உள்ளே அவசரமாக இறைத்தால் வெளித் தண்ணீரின் அமுக்கத்தால் சுவர் சரியவும் கூடும்.

சவூதியிலிருந்து வந்த பம்பி

எங்கள் ஊரில் மத்திய கிழக்கில் வேலை செய்து வந்தவர்கள் பலர். ஒருவர் சவூதியிலிருந்து நல்ல ஐரோப்பியப் பம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். அங்கே மாளிகைக்குத் தண்ணீர் ஏற்றியது, இங்கே இரண்டாம் மாடிக்கும் சரியாக ஏறவில்லை. காரணம், சவூதியில் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. மோட்டர் அங்கே சுற்றுவதில் ஆறில் ஐந்து பங்குதான் இங்கே சுற்றும். வேகம் குறையும் அளவுக்குத் தண்ணீர் குறையும். ஆனால் உயரம் வேகத்தின் வர்க்கப்படி குறையும். 36 மீற்றர் ஏற்றிய பம்பி 25 மீற்றர்தான் ஏற்றும். மோட்டரும் கூடச் சூடாகும். கட்டாரிலும் டுபாயிலும் குவைத்திலும் நம்மைப் போல 50 தான். கொண்டுவருமுன் தகட்டைப் பாருங்கள்.

மாலை நேரத்தில் லைனில் வோல்ட் குறையும் இடங்களிலும் இது போன்ற தொல்லை உண்டு. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தால் மோட்டரின் தொடக்க வலு மூன்றில் ஒரு பங்கு குறையும். "ம்ம்" என்று முனகும், சுற்றாது. அப்படியே விட்டால் எரியும். தாங்கியைப் பகலில் நிரப்பிக்கொள்வதே சுலபமான மருந்து. மீற்றரிலிருந்து தூரம் என்றால் வயரையும் மொத்தமாகப் போட வேண்டும்.

தண்ணீர் அல்லாத திரவங்கள்

தொழில் செய்பவர்கள் எண்ணெய், வினாகிரி, மண்ணெண்ணெய் என்று பலதையும் மாற்ற வேண்டியிருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையில் உறையத் தொடங்கும். கண்டிக் குளிரில் காலையில் அது குழாயில் கட்டியாகும். மையநீக்கப் பம்பி தடித்த திரவத்துக்கு ஆகாது. கித்துல் பாணி போன்றவற்றுக்குப் பற்சக்கரப் பம்பிதான் பொருத்தம். உணவுப் பொருள் என்றால் துருப்பிடிக்காத உருக்கு வேண்டும். தண்ணீருக்குப் பாவித்த பம்பியை அதற்குப் பாவிக்க வேண்டாம். வினாகிரி வார்ப்பிரும்பைத் தின்றுவிடும். கறுவா இலை எண்ணெய், கராம்பு எண்ணெய் வடிப்பவர்கள் சீலைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான றப்பரையும் சில பிளாஸ்டிக்கையும் அவை கரைத்துவிடும். பெற்றோலுக்கு வீட்டுப் பம்பியைப் பூட்டுவது தீக்குச்சியைப் பற்றவைப்பதற்குச் சமம். சாதாரண மோட்டரின் சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும். அதற்கென்று செய்த பம்பியை மட்டும் பாவியுங்கள்.

உப்புக் கரைசல் போன்ற பாரமான திரவங்களையும் பம்பி அதே உயரத்துக்கு ஏற்றும், ஆனால் மோட்டருக்குச் சுமை கூடும். அதற்கேற்ப மோட்டரைப் பெரிதாக எடுக்க வேண்டும்.

பாவிப்பவர் கவனிக்க வேண்டியவை

தண்ணீர் இல்லாமல் பம்பியை ஓட்டக் கூடாது. சீலைக் குளிர வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். உயரமான இடத்துக்கு ஏற்றினால் பம்பிக்கு மேலே, தண்ணீர் திரும்பி வராத வால்வு ஒன்று பூட்டுங்கள். இல்லாவிட்டால் நிறுத்தும்போது முழுக் குழாய்த் தண்ணீரும் திரும்பி வந்து பம்பியில் அடிக்கும். மலிவான சிறு அரைக் குதிரை வலுப் பம்பிகளில் அனேகமானவை மையநீக்க வகை அல்ல. சில்லின் ஓரத்தில் பல் வெட்டிய வகை. உயரம் ஏற்றும், ஆனால் மணல் பட்டால் தேய்ந்துவிடும். வால்வை மூடி ஓட்டினால் அவற்றின் மோட்டருக்குச் சுமை கூடும். மணல் கலந்த கிணற்றுக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. நீர்வழங்கல் சபையின் குழாயில் நேரடியாகப் பம்பியைப் பூட்டி உறிஞ்சுவது சட்டப்படியும் கூடாது, அயலவரின் உரிமைப்படியும் கூடாது. குழாயில் அமுக்கம் குறைந்தால் வெடிப்புகள் வழியே அழுக்குத் தண்ணீரும் உள்ளே வரும். கீழே ஒரு தாங்கி கட்டி, அது தானாக நிறைந்த பின் அதிலிருந்து ஏற்றுங்கள்.

விற்பவர் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எமது கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. பம்பி வாங்க வருபவரிடம் ஐந்து விடயங்களைக் கேட்டு அதில் எழுதிய பிறகுதான் பெட்டியைத் திறப்போம்.

ஒன்று, வெயில் காலத்தில் தண்ணீர் பம்பியிலிருந்து எத்தனை அடி கீழே? மழைக்கால அளவைச் சொன்னால் ஏற்பதில்லை.

இரண்டு, பம்பியிலிருந்து தாங்கியின் மேல் விளிம்பு வரை எத்தனை அடி உயரம்? தெரியாவிட்டால் படியை எண்ணிக்கொண்டு வரச் சொல்வோம்.

மூன்று, குழாய் எவ்வளவு நீளம், எத்தனை அங்குலம்?

நான்கு, தாங்கி எத்தனை லீற்றர், எவ்வளவு நேரத்தில் நிறைய வேண்டும்? 1000 லீற்றரை அரை மணியில் நிரப்ப நிமிடத்துக்கு 35 லீற்றர் போதும். கிணறு ஊறும் வேகத்தை விட வேகமாக இறைக்கும் பம்பியை வாங்கி என்ன பயன்?

ஐந்து, என்ன திரவம், அதில் மண், மணல், உப்பு உண்டா?

இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு வளைந்த கோட்டைப் பார்த்தால் பம்பி தானாகவே தெரியவரும். குதிரை வலு அதோடு சேர்ந்து வரும். சில நேரம் வாடிக்கையாளர் கேட்டதை விடச் சிறிய, விலை குறைந்த பம்பியே போதுமானதாக இருக்கும். அந்த வேளையில் கை கொஞ்சம் தயங்கும். தயங்க வேண்டாம். இலாபத்தில் கொஞ்சம் குறையும், ஆனால் அவர் அடுத்த தடவை வேறு கடைக்குப் போக மாட்டார். விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று எமக்குப் படித்துத் தந்திருக்கிறார்கள். பொருளில் குறை இல்லாமல் அதன் பொருத்தத்தில் குறை இருந்தாலும் அது குறைதான் என்பதை நான் அந்தப் படிக்கட்டில்தான் படித்தேன்.

சேர் இப்போது எம்மோடு இல்லை. அவருக்குக் கொடுத்த இரண்டாவது பம்பி, இரண்டு தடவை சீல் மாற்றி, பதினாறு வருடம் ஓடியது. பம்பி பூட்டிய அன்று அவருடைய மனைவி மாடியில் நின்று தாங்கி வழிவதைப் பார்த்துவிட்டு, "போதும் தம்பி, நிப்பாட்டுங்க, தண்ணி வீணாகுது" என்று சொன்னார். எத்தனையோ பம்பி விற்றிருக்கிறேன். அது போல ஒரு பாராட்டு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் தண்ணீர்த் தாங்கிகளைப் பற்றிப் பார்ப்போம்.